மழைக்கு ஒதுங்கிய மாளிகைகள்

ஜூன் 10, 2019, திங்கள், நாட்டிங்ஹாம்

வியாழக்கிழமை இந்த ஊரின் டிரென்ட் பிரிட்ஜ் மைதானத்தில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதும் உலகக் கோப்பை ஆட்டத்துக்கு மாப்பிள்ளை பல மாதங்களுக்கு முன்பே சீட்டு எடுத்து வைத்திருந்தார். அதற்காகத்தான் நானும் மனைவியும் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி மகள் வீட்டுக்கு வந்தோம். மாளிகை, பூங்கா என்ற எண்ணமெல்லாம் எங்களுக்கு இருந்ததில்லை. நேற்று ஓவலில் ஆஸ்திரேலியாவை வென்ற களிப்பில் இரவு வெகுநேரம் தூங்காமல் இருந்துவிட்டு இன்று காலையில் திரைச்சீலையை விலக்கினால் மழை.

கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலுக்கு வழிவிடும் நம்மூர் மழையைப் போன்றதன்று இது. தூறலாகத் தொடங்கி, தூறலாகவே நாள் முழுவதும் நீண்டு, குடையை விரிக்கவும் மனம் வராமல் மடக்கவும் மனம் வராமல் மனிதரை அலைக்கழிப்பது. ஜூன் மாதத்தில் பன்னிரண்டு டிகிரி. ஊட்டிக்காக எப்போதோ வாங்கிய ஸ்வெட்டரின் மேல் மகளின் கோட்டையும் போட்டுக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மனைவி மாலை நான்கு மணிக்கு, "மழையைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? கூரை இருக்கிற இடமாப் பாத்து எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க" என்றார். கூரை உள்ள இடங்களை மகள் தேடினாள். பக்கத்து மாவட்டமான டெர்பிஷயரில் பழைய பிரபுக்களின் மாளிகைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் சில நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளன. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கென்று அவர்கள் ஒருவாரச் சீட்டு தருகிறார்கள். இரண்டு மாளிகைக்குப் போனாலே போட்ட பணம் வந்துவிடும் என்று தெரிந்ததும் என் மனைவி சம்மதித்தார். ஒரு பவுண்டுக்கு எண்பத்தெட்டு ரூபாய் என்ற பெருக்கல் வாய்ப்பாட்டை இங்கு இறங்கிய அன்றே அவர் மனப்பாடம் செய்துவிட்டார்.

ஜூன் 11, செவ்வாய், கெடல்ஸ்டன்

மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு காரில் அழைத்துப் போனாள். டெர்பி நகரைத் தாண்டிய சிறிது நேரத்தில் சாலை குறுகி, இருபுறமும் செடிவேலி நெருங்கி, திடீரென்று ஒரு வாயிலுக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை புல்வெளி விரிந்தது. ஆடுகள் நனைந்துகொண்டே மேய்ந்தன. மூன்று வளைவுகள் கொண்ட கல்பாலம் ஒன்றைக் கடந்து ஏறினால், நாடாளுமன்றக் கட்டடம் ஒன்றை யாரோ வயல்நடுவே வைத்துவிட்டுப் போனதுபோல நிற்கிறது கெடல்ஸ்டன் மாளிகை.

நத்தானியல் கர்சன் என்பவர் 1759-இல் கட்டத் தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டடக் கலைஞர்கள் மாறி, கடைசியில் ராபர்ட் ஆடம் கைக்கு வந்து சேர்ந்தது. நுழைந்ததும் வரும் மண்டபத்தில், அலபாஸ்டர் என்னும் பளிங்கு போன்ற கல்லில், இருபத்தைந்து அடி உயரத்துக்கு இருபது தூண்கள். இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்து ஓடும் அந்தக் கல்லைப் பார்த்ததும் பேத்தி, "தாத்தா, ஐஸ்கிரீம்" என்றாள். ஆறு வயதுக் குழந்தையின் உவமையை நான் திருத்தப் போவதில்லை.

இந்தக் கட்டட அமைப்பு எங்கோ பார்த்ததாயிற்றே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கல்கத்தாவில் அன்றைய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி கட்டி 1803-இல் முடித்த அரசு மாளிகைக்கு, பின்னாளில் ராஜ்பவன் ஆனதற்கு, இந்த வீட்டின் வரைபடந்தான் முன்மாதிரி. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து இதே குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் கர்சன் வைசிராயாகக் கல்கத்தாவில் போய் இறங்கினார். சொந்த வீட்டின் அச்சிலேயே ஒரு வீடு அங்கே அவருக்காகக் காத்திருந்தது. வங்காளத்தை 1905-இல் இரண்டாகப் பிளந்த அதே கர்சன்தான் அதற்கு முந்தைய ஆண்டு நம் பழைய சின்னங்களைக் காக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தார் என்பது பள்ளிக்கூடத்தில் படித்து மறந்தது. இங்கே கீழ்த்தளத்தில் அவர் கீழைநாடுகளில் சேர்த்த பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் பார்க்கும்போது இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. வெள்ளிச் சாமான்கள், தந்தச் செதுக்கல்கள், ஆயுதங்கள். எது விலைக்கு வாங்கியது, எது அன்பளிப்பாக வந்தது, எது வேறு எப்படியோ வந்தது என்பதைப் பெட்டியருகே நின்று மட்டும் சொல்லிவிட முடியாது.

ஆனால் நாங்கள் அதிக நேரம் நின்றது ஒரே ஒரு பெட்டியின் முன்னால். கர்சனின் மனைவி மேரி, சிகாகோவில் பெரும் வணிகர் வீட்டில் பிறந்தவர், 1903-இல் டெல்லி தர்பாரையொட்டிச் செங்கோட்டையில் நடந்த விருந்தில் அணிந்த ஆடை அதில் நிற்கிறது. துணி முழுவதும் பொன், வெள்ளி இழைகளால் மயிலிறகு மயிலிறகாக டெல்லிக் கைவினைஞர்கள் வேலை செய்து, அதைப் பாரிசுக்கு அனுப்பித் தைத்திருக்கிறார்கள். எடை ஏறத்தாழ நாலரைக் கிலோ. விளக்கை மிகவும் தணித்து வைத்திருந்ததால் கண் பழகச் சற்று நேரம் ஆயிற்று. பழகியபின் ஒவ்வொரு இறகின் கண்ணிலும் பச்சையும் நீலமுமாக ஏதோ ஒன்று மினுங்கியது. மரகதம் என்று நினைத்தேன். அன்று விருந்துக்கு வந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்களாம். அருகில் நின்ற தன்னார்வலர், எழுபது வயதைக் கடந்தவர், சிரித்துக்கொண்டே அது வண்டுச் சிறகின் மேலோடு என்றார்.

என் மனைவி கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து பார்த்துவிட்டு, "பொன்வண்டுங்க இது" என்றார். அவ்வளவுதான், அடுத்த கால் மணி நேரம் அந்த அறையில் அவர்தான் வழிகாட்டி. பள்ளி நாட்களில் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டியில் வைத்துக் கொன்றை இலை போட்டு வளர்த்ததையும், அது முட்டையிட்டதா என்று வகுப்பு நடக்கும்போதே பெட்டியைத் திறந்து பார்த்து அடி வாங்கியதையும் அவர் தமிழில் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் சொல்ல, அந்தப் பெரியவர் ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து 'தீப்பெட்டி' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார். அடுத்து வருபவர்களிடம் சொல்லப் போகிறாராம். மேரி முப்பத்தாறு வயதில் இறந்துபோனதையும், வீட்டை ஒட்டிய தேவாலயத்தில் அவருடைய பளிங்குச் சமாதி இருப்பதையும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார்.

அந்தத் தேவாலயம் மட்டும் ஏன் வீட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு தனியாக நிற்கிறது என்று கேட்டேன். அங்கே முன்பு ஊர் இருந்ததாம். புது மாளிகை கட்டும்போது ஊரையே பெயர்த்து வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, தேவாலயத்தை மட்டும் விட்டு வைத்தார்கள். காலையில் கார் சன்னல் வழியே நான் வியந்த அந்தப் பரந்த புல்வெளியை, திரும்பும்போது கொஞ்சம் வேறு கண்ணோடுதான் பார்த்தேன்.

மதியம் பழைய சமையற்கூடத்தில் இருக்கும் உணவகத்தில் சாப்பிட்டோம். உருளைக்கிழங்கைத் தோலோடு சுட்டுப் பிளந்து, சீஸும் தக்காளிச் சாற்றில் வெந்த பீன்ஸும் வைத்துத் தருகிறார்கள். மிளகாய் கேட்டதற்கு மிளகுப்பொடி வந்தது. அடுப்புக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில், வீணாக்காதவனுக்குக் குறைவு வராது என்ற பொருள்பட ஓர் ஆங்கில வாசகம் எழுதியிருக்கிறது. இருபது அலபாஸ்டர் தூண்களை நிறுத்தியவர்கள் அதைச் சமையற்காரர்களின் கண்ணில் படும்படி எழுதி வைத்திருப்பதை நினைத்துச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மனைவி என் தட்டில் மிச்சமிருந்த பீன்ஸைக் காட்டியதால் தின்று முடித்தேன்.

ஜூன் 12, புதன், ஹார்ட்விக்

மகளுக்கு அலுவலகம். நானும் மனைவியும் மட்டும் ரயிலில் செஸ்டர்ஃபீல்டு போய், அங்கிருந்து வாடகைக் காரில் ஹார்ட்விக் போனோம். செஸ்டர்ஃபீல்டில் தேவாலயத்தின் கோபுரம் முறுக்குப் பிழிந்ததுபோல் திருகிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. ரயிலில் எதிரே இருந்த அம்மையார் சொல்லியிராவிட்டால், மழைத்துளி வழிந்த சன்னலின் வேலை அது என்றே நினைத்திருப்பேன்.

ஹார்ட்விக்கை ஆண்களின் பெயர் சொல்லி விளக்க வேண்டிய அவசியமில்லை. அது முழுக்க ஒரு பெண்ணின் வீடு. சிறு நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்து, நான்கு முறை மணந்து, நான்கு முறையும் முன்னைவிட வசதியாகி, கடைசிக் கணவரான ஷ்ரூஸ்பரி பிரபு 1590-இல் இறந்தபோது, இங்கிலாந்தில் எலிசபெத் ராணிக்கு அடுத்த பணக்காரப் பெண் என்று சொல்லும் அளவுக்கு உயர்ந்தவர் பெஸ். அறுபது வயதைத் தாண்டியபின் இந்த வீட்டைக் கட்டத் தொடங்கி 1597-இல் குடியேறினார். கண்ணாடி பொன்னுக்கு நிகரான காலத்தில் சுவரைவிடக் கண்ணாடி அதிகமாகக் கட்டினார். அதை வைத்து ஊரார் ஒரு சொலவடையே செய்துவிட்டார்கள். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்ற தம் முழுப்பெயரின் முதலெழுத்துகளான ஈ, எஸ் இரண்டையும் ஆளுயரத்துக்குக் கல்லில் வெட்டி வானத்தில் நிறுத்தியிருக்கிறார். நம் ஊரில் இதைச் செய்திருந்தால் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று என் மனைவி யோசித்துப் பார்த்துவிட்டு, "நல்லா வேணும்" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மாடிக்கு ஏற ஏற மேற்கூரையும் உயர்கிறது, சன்னலும் உயர்கிறது. தரைத்தளம் வேலைக்காரர்களுக்கு, முதல் மாடி குடும்பத்துக்கு, இரண்டாம் மாடி ராணி வந்தால் வரவேற்பதற்கு. ராணி வரவேயில்லை. அந்த இரண்டாம் மாடியில் ஐம்பது மீட்டர் நீளமுள்ள கூடம் ஒன்று இருக்கிறது. உள்ளே காலை வைத்ததும் எனக்குப் பாட்டி வீட்டு வாசனை அடித்தது. கீழே பார்த்தால் கோரைப்பாய். ஒரு மனிதர் படுக்கும் பாய் அல்ல, கூடம் முழுவதையும் சுவர் முதல் சுவர் வரை மூடிய பாய். இங்கிலாந்தின் ஆற்றங்கரைக் கோரையைப் பின்னித் தைத்தது. காய்ந்தால் நொறுங்கிவிடும் என்பதால் இதற்கு அவ்வப்போது தண்ணீர் தெளிக்கிறார்கள் என்றார் அங்கே காவலுக்கு நின்ற தன்னார்வலர். வாசல் தெளிப்பதுபோல் வீட்டுக்குள்ளே பாய்க்குத் தண்ணீர் தெளிக்கும் வேலை நானூறு ஆண்டு பழைய வீட்டில் இன்னும் நடக்கிறது.

சுவர் முழுவதும், பதின்மூன்று பெரிய திரைச்சீலைகளில் பைபிளின் கிதியோன் கதையை நெய்த வரிசை. வேறொரு பிரபு தமக்காக நெய்வித்தவற்றை, அவர் கடனோடு இறந்தபின் பெஸ் 1592-இல் வாங்கினார். அவற்றில் முந்தைய உரிமையாளரின் குலச்சின்னம் இருந்ததால், அதை மறைத்துத் தம் சின்னத்தைப் போட ஆகும் செலவுக்கு ஐந்து பவுண்டு குறைத்துக்கொள்ளும்படி பேரம் பேசியிருக்கிறார், குறைத்தும் விட்டார்கள். இதைக் கேட்டதும் என் மனைவிக்குப் பெஸ்ஸின் மேல் இருந்த மதிப்பு பலமடங்கு கூடியது. திரைச்சீலைகளில் சில இப்போது சுவரில் இல்லை. ஒவ்வொன்றாகப் பெல்ஜியத்துக்கு அனுப்பித் தூசு போக்கி வாங்கி, பிறகு இழை இழையாகத் தைக்கிறார்கள். 1999-இல் தொடங்கிய அந்த வேலை இந்த 2019-இலும் முடியவில்லை. இங்கு கடைசியாகக் குடியிருந்த, பெஸ்ஸின் வழிவந்த குடும்பத்து மருமகளான டச்சஸ் ஈவ்லின் தம் கையாலேயே ஊசிநூல் எடுத்து இவற்றை ஒட்டுப்போட்டு வந்தவர். அவருடைய மகன் 1950-இல் இறந்தபோது 80 சதவீத வாரிசு வரி விழுந்து, அதற்கு ஈடாகத்தான் இந்த வீடு குடும்பத்தின் கையைவிட்டுப் போயிருக்கிறது.

இவ்வளவு கண்ணாடி வைத்துக் கட்டிய வீட்டில் இன்று எல்லாச் சன்னலிலும் திரை இறக்கியிருக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் நூலின் சாயம் வெளிறும். வெளியே மழை மப்பு, உள்ளே திரை; பாதி இருட்டில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மேகம் விலகிக் கொஞ்சம் வெளிச்சம் கூடிய நொடியில், அந்தத் தன்னார்வலர் எங்களோடு பேசிக்கொண்டே போய்த் திரையை இன்னும் ஒரு சாண் இறக்கிவிட்டு வந்தார்.

இனி நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். நாலரை மணிக்கு வந்து அழைத்துப் போவதாகச் சொன்ன வாடகைக் கார் ஐந்தேகால் வரை வரவில்லை. கைப்பேசியில் ஒரு கோடு கூட சிக்னல் இல்லை. அலுவலகத் தொலைபேசியிலிருந்து அழைத்தால், அப்படி ஒரு பதிவே இல்லை என்கிறார்கள். வாயிலை மூடும் நேரம். மழையில் ஒரு சுவரோரம் நின்றுகொண்டு, கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தின் மிச்சத்தைச் சாப்பிடுவதா வேண்டாமா என்று ஆலோசித்துக்கொண்டிருந்தபோது, கோரைப்பாய்க் கூடத்தில் நின்ற அந்தத் தன்னார்வலரும் அவர் மனைவியும் வீட்டுக்குக் கிளம்பி எங்கள் பக்கம் வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் பின்னிருக்கையிலிருந்த செருப்பு, கூடை, நாய்ப் போர்வை எல்லாவற்றையும் வாரிப் பின்பெட்டியில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். செஸ்டர்ஃபீல்டு அவர்கள் போகும் வழியே இல்லை என்று பாதி வழியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பெட்ரோலுக்குப் பணம் கொடுக்க முயன்றேன். அந்த மனிதர் காதே கேளாதவர்போல் வைப்பரின் வேகத்தைக் கூட்டினார். என் மனைவி கைப்பையிலிருந்து ஒரு பொட்டலம் நேந்திரம் சிப்ஸை எடுத்து இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார். அது மட்டும் திரும்பி வரவில்லை.

ஜூன் 13, வியாழன், டிரென்ட் பிரிட்ஜ்

எழுத அதிகமில்லை. காலை ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்தோம். ஆடுகளத்தின் மேல் போர்வை, அதன் மேல் தண்ணீர். நடுவர்கள் வந்து பார்த்தார்கள், போனார்கள், மீண்டும் வந்தார்கள். மூன்று மணியளவில் கைவிட்டார்கள், டாஸ்கூடப் போடவில்லை. முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். பக்கத்தில் முகத்தில் மூவர்ணம் தீட்டிக்கொண்டு வந்த இளைஞரின் கன்னத்தில் பச்சை வழிந்து ஆரஞ்சில் கலந்திருந்தது.

ஜூன் 14, வெள்ளி, ஹேடன்

நேற்றைய துக்கத்துக்கு மருந்தாக மாப்பிள்ளை இன்று விடுப்பு எடுத்துக்கொண்டார். பேக்வெல் என்னும் சிற்றூருக்கு அருகே, வை ஆற்றங்கரையில் ஹேடன் மாளிகை. இது நேஷனல் டிரஸ்டின் கையில் இல்லை. மேனர்ஸ் என்னும் குடும்பத்தாரே இன்னும் வைத்திருக்கிறார்கள். எங்கள் சீட்டு செல்லாது என்று தெரிந்ததும் மனைவியின் உதடுகள் எண்பத்தெட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்வது தெரிந்தது.

இதுவரை பார்த்த மூன்று மாளிகைகளில் எனக்கு மனத்துக்கு நெருக்கமானது இதுதான். குடும்பத்தார் 1700 வாக்கில் வேறு பெரிய கோட்டைக்குக் குடிபோய்விட, இருநூறு ஆண்டுகள் இது ஏறத்தாழ யாரும் கை வைக்காமல் கிடந்திருக்கிறது. நாகரிகம் மாறும்போதெல்லாம் இடித்துப் புதுப்பிக்கப் பணமுள்ளவர் யாரும் உள்ளே இல்லாததே இதன் அதிர்ஷ்டம். கல்பாவிய முற்றம் மேடுபள்ளமாக, படிகள் நடுவில் தேய்ந்து கிண்ணமாக, கதவுகள் குனிந்தால்தான் வழிவிடுவனவாக இருக்கின்றன. என் உயரத்துக்கே இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டேன்.

சமையற்கூடத்தில் காய், இறைச்சி நறுக்கும் மரமேடைகள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் கத்தி பட்டுப் பட்டு மரத்தில் குழி விழுந்திருக்கிறது. ஒரு குழியில் என் மனைவி கையை வைத்துப் பார்க்க, உள்ளங்கை முழுவதும் இறங்கியது. அம்மிக்கல் தேய்ந்து பள்ளமாகிப் பார்த்திருக்கிறேன், மரம் இப்படித் தேய்ந்து பார்த்ததில்லை. எத்தனை பேர், எத்தனை விடியற்காலை என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். அவர்களில் ஒருவர் பெயரும் சுவரில் இல்லை.

விருந்து மண்டபத்தின் மரத்தடுப்பில் ஒரு சிறு இரும்பு வளையம் ஆளுயரத்தில் பொருத்தியிருக்கிறது. ஊற்றிய மதுவைக் குடிக்காமல் அடம்பிடிப்பவரின் மணிக்கட்டை அதில் பூட்டி, குடிக்க மறுத்ததைச் சட்டைக் கைக்குள் ஊற்றுவார்களாம். மதுவைத் தொடாத மாப்பிள்ளை அதைக் கவலையோடு பார்த்தார்.

மேலே இருக்கும் நீண்ட கூடத்தின் சன்னல்கள் வைர வடிவச் சிறு கண்ணாடிகளால் ஆனவை. அவை ஒரே தளமாக இல்லாமல் காற்றடித்த துணிபோல் உள்ளும் வெளியுமாக வளைந்திருக்கின்றன. அந்த வளைவினால் வெளிச்சம் ஒவ்வொரு கண்ணாடியிலும் வெவ்வேறு கோணத்தில் சிக்குகிறது. இந்த வாரத்திலேயே முதன்முறையாக அரைமணி நேரம் வெயில் வந்தது, நாங்கள் அந்தக் கூடத்தில் இருக்கும்போதே வந்தது. ஓக் மரத்தரையில் வெளிச்சம் மீன்கூட்டம்போல் துள்ளியது. ஹார்ட்விக்கில் திரைகளுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற எங்களுக்கு இது விருந்து.

இந்த வீட்டுப் பெண் டோரதி வெர்னன், 1563-இல் தன் சகோதரியின் திருமண இரவில் கூட்டத்திலிருந்து நழுவி, தோட்டத்துப் படிகளில் இறங்கிப் பாலத்தைக் கடந்து, தந்தை ஏற்காத காதலனோடு குதிரையேறிப் போனாள் என்று ஒரு கதை. அந்தப் படிகளும் பாலமும் அவள் காலத்துக்குப் பிறகு கட்டியவை என்று இங்கிருப்பவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். மகளோ மருமகனோ கோபித்துக்கொண்டு போனதாக ஆவணமும் இல்லை. தந்தை இறந்ததும் இருவரும் வந்து இதே வீட்டில் வாழ்ந்திருக்கிறார்கள். இருந்தாலும் எல்லோரும் அந்தப் படியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

பேக்வெல்லில் புகழ்பெற்ற பேக்வெல் புட்டிங் வாங்கினோம். மடிப்பு மடிப்பான மாவுக் கிண்ணத்துக்குள் ஜாம், அதன் மேல் முட்டையும் சர்க்கரையும் வாதுமையும் கலந்து வெந்த களி. விடுதிச் சமையற்காரர் ஒருவர் தவறாகச் செய்துவிட்டதில் பிறந்தது என்று ஊரில் எல்லாக் கடையிலும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். உண்மையான செய்முறை தங்களிடம்தான் உள்ளது என்றும் எல்லாக் கடையிலும் சொல்கிறார்கள். வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. எனக்குப் பிடித்தது. மனைவிக்கு முட்டை வாடை ஆகவில்லை. காகிதத்தில் சுற்றி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஓர் ஆறிய தேநீரோடு முடித்துக்கொண்டார்.

ஜூன் 15, சனி, சாட்ஸ்வர்த்

எல்லோருமாகக் கிளம்பினோம். ஹார்ட்விக் பெஸ்ஸும் அவருடைய இரண்டாம் கணவர் வில்லியம் கேவண்டிஷும் 1549-இல் 600 பவுண்டுக்கு வாங்கிய நிலம் சாட்ஸ்வர்த். டெவன்ஷயர் டியூக்குகளான அவர்கள் வழியினர் இன்றும் இங்கேயே வசிக்கிறார்கள். வாகனம் நிறுத்தவும் ஐந்து பேர் உள்ளே போகவும் ஆன தொகையை ரூபாயில் இங்கே எழுத மாட்டேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்குள் தங்கம், ஓவியம், பளிங்குச் சிலைகள் எல்லாம் அளவுக்கு மீறி இருக்கின்றன. பத்தாவது அறையோடு என் கண் திகட்டிவிட்டது. இந்த ஆண்டு நாய்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றும் நடக்கிறது. எல்லா அறையிலும் ஏதோவொரு டியூக்கின் நாய் சட்டத்துக்குள்ளிருந்து பார்க்கிறது. ஓர் அறைக்கதவுக்குப் பின்னால் வயலின் ஒன்று வெள்ளிக் குமிழில் தொங்குகிறது என்று நெருங்கிப் போனால், வயலின் வெறும் வண்ணம். பேத்தி தடுப்புக் கயிற்றுக்கு இப்பால் நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்து, அதற்கு நிழல் நகரவில்லை என்று கண்டுபிடித்தாள்.

தோட்டத்துக்கு வந்தபின்தான் மூச்சு வந்தது. இந்தத் தோட்டம் ஜோசப் பாக்ஸ்டன் என்ற மனிதரின் கைவண்ணம். இருபத்திரண்டு வயதில், 1826-இல், தலைமைத் தோட்டக்காரர் வேலைக்கு அவர் வந்து சேர்ந்தபோது விடியற்காலை நாலரை மணி. வாயில் பூட்டியிருந்ததால் சுவர் ஏறிக் குதித்து, தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்து, ஆறு மணிக்கு ஆட்களை வேலைக்கு விரட்டி, பிறகு வீட்டு மேற்பார்வையாளரான அம்மையாரோடு காலையுணவுக்கு உட்கார்ந்து, அவருடைய உறவுப் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்தார். இவ்வளவும் ஒன்பது மணிக்குள் முடிந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு அந்தப் பெண்ணையே மணந்தார். ரஷ்யச் சக்கரவர்த்தி வரப்போகிறார் என்று 1844-இல் அவசர அவசரமாக மலைமேல் ஏரி வெட்டி, அந்த நீரின் வேகத்தைக் கொண்டே தொண்ணூறு மீட்டர் வரை எழும்பும் நீரூற்றை அமைத்தார். சக்கரவர்த்தி வரவில்லை. ஹார்ட்விக்கில் ராணி, இங்கே சக்கரவர்த்தி. வராத விருந்தாளிக்காக எவ்வளவு செய்திருக்கிறார்கள்!

அவர் கட்டிய மாபெரும் கண்ணாடிக்கூடம் இன்று இல்லை. முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காமல் உள்ளிருந்த வெப்பநாட்டுச் செடிகளெல்லாம் செத்துப்போக, 1920-இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில் செடிவேலியால் ஆன புதிர்வழி இருக்கிறது. அதற்குள் நானும் மாப்பிள்ளையும் இருபது நிமிடம் சுற்றினோம். ஒரே சிவப்புக் குடை அம்மையாரை நான்கு முறை எதிர்கொண்டோம், நான்காம் முறை அவர் வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

எதிர்மேட்டில் ஈடன்சர் என்றொரு கிராமம். வீடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, பொம்மைக் கடைபோல் அழகு. டியூக்கின் சன்னலிலிருந்து பார்க்கும்போது பழைய ஊர் கண்ணில் பட்டது என்பதற்காக அதை இடித்துவிட்டு, 1838 முதல் மேட்டுக்கு அப்பால் கட்டிக்கொடுத்த ஊர் அது. கெடல்ஸ்டனை நினைத்துக்கொண்டேன். இங்கே மாற்று வீடாவது நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்றாள் மகள். அதுவும் உண்மைதான்.

கடைசியாக, 1696-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய அடுக்கு நீரோடைக்கு வந்தோம். குன்றின் மேலிருந்து இருபத்து நான்கு அகன்ற கல்தளங்களில் தண்ணீர் இறங்கி வருகிறது. ஒவ்வொரு தளத்தின் அகலமும் படியும் வேறுவேறாக இருப்பதால் இறங்க இறங்கச் சத்தம் மாறுகிறது. மேலே சலசலப்பு, நடுவில் தட்டுவதுபோல், கீழே கிசுகிசுப்பு. இதில் இறங்கி நிற்க யாரும் தடை சொல்லவில்லை. பேத்தி காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். பின்னாலேயே போன நானும் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் எலும்பைக் கடித்தது. பாசி இருக்கும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். நான்காம் தளத்தில் இடுப்பு வரை உட்கார்ந்து எழுந்தேன். மேலே நின்ற ஓர் இளைஞர் கூட்டம் கைதட்டியது. முன்பின் தெரியாத ஒரு பாட்டி தன் நாயைத் துடைக்க வைத்திருந்த துண்டை நீட்டி, துவைத்ததுதான் என்று உறுதியும் சொன்னார்.

காரில் ஹீட்டரைப் போட்டு நான் காய்ந்துகொண்டிருக்கையில், மனைவி பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். நாட்டிங்ஹாம் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது. அப்போதுதான் மாப்பிள்ளை சொன்னார்: மொரீசியசிலிருந்து வந்த ஒரு குட்டை வாழையைப் பாக்ஸ்டன் 1830 வாக்கில் வாங்கி, இதே தோட்டத்தின் சூடேற்றிய கண்ணாடி அறையில் வளர்த்து, 1835-இல் பூக்க வைத்து, முதலாளியின் குடும்பப் பெயரையே சூட்டினாராம். அதன் கன்றுகளை மிஷனரி ஒருவர் சமோவாவுக்குக் கொண்டுபோனார். இன்று உலகச் சந்தையில் விற்கும் வாழைப்பழங்களில் பெரும்பகுதி கேவண்டிஷ் இனந்தான். நாம் மோரிஸ் என்று வாங்கும் பச்சைப்பழமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே.

"அந்தப் பழத்துக்காகவா டிக்கெட்?" என்ற மனைவி, தோலில் ஒட்டியிருந்த வில்லையை உரித்துப் பார்த்தார். கோஸ்டா ரிக்கா என்று இருந்தது. அதைப் பேத்தியின் நெற்றியில் ஒட்டிவிட்டு, நாளைக்குப் பாகிஸ்தான் ஆட்டத்தின்போது மான்செஸ்டரில் மழை உண்டா என்று பார்க்கச் சொன்னார்.